வாரம் பத்து நிமிடம்

கணவன் திரும்பி வருகிறான் என்று செய்தி வந்த மறுநாள் காலையில், தையலக்கா இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வேனுக்கு அடியில் போய்ப் படுத்தாள்.

தெருவில் அவளுக்கு அதுதான் பெயர். முன்னறையில் இரண்டு தையல் இயந்திரங்கள், சீருடைத் துணிக் கட்டுகள், ஜிப் போன பைகள், இடுப்பு பிடிக்கவேண்டிய கால்சட்டைகள். வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஏழு வருடமாக நிற்கிற ஒரு பழைய பெட்ரோல் வேன்.

"என்னடி இது, வண்டிக்கும் சட்டை தைக்கப் போறியா?" என்று டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற நாத்தனார் கேட்டாள். கணவனின் அக்கா அவள். பின்கட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவள். வாய் மட்டும் எப்போதும் முன்கட்டில்தான்.

"ஆயில் ஃபில்டர் அளவு அண்ணி. நம்பர் அழிஞ்சிருக்கு. சுத்தளவு, உயரம் ரெண்டையும் கொண்டுபோய்ச் சொன்னா எடுத்துக் கொடுப்பாங்க. கொஞ்சம் இந்தப் பக்கம் அடிங்க."

"சட்டைக்குக் கையளவு எடுக்கற மாதிரின்னு சொல்லு."

"அதேதான்."

கணவன் அந்த வேனை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தவன். ஓட்டம் குறைந்து, கடல் தாண்டி ஒரு கல் அறுக்கும் ஆலையில் வேலை கிடைத்துப் போனபோது, வண்டியை விற்றுவிடலாம் என்று அவள்தான் சொன்னாள். அவன் கேட்கவில்லை. கிளம்புவதற்கு முதல் நாள் அவளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினான்.

"ஞாயித்துக்கிழமை தவறாம ஸ்டார்ட் பண்ணு. சோக் குமிழ இழுத்துவிட்டு, ஆக்சிலேட்டர லேசா மிதி. பத்து நிமிஷம் ஓடட்டும். அவ்வளவுதான் வேல. நான் வந்து அப்படியே ஏறி உக்காந்து ஓட்டிக்கிட்டுப் போயிடுவேன்."

"ஆயில் கீயில் மாத்தணுமா?"

"ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடினாதான் ஆயில் மாத்தணும். நிக்கிற வண்டிக்கு எதுக்கு?"

அவள் ஒரு ஞாயிறும் விட்டதில்லை. காய்ச்சலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய அம்மா இறந்துபோன செய்தி ஒரு ஞாயிறு விடிகாலையில்தான் வந்தது. அன்றைக்கும் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் கொட்டகையைத் திறந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுத்தான் போனாள். வண்டி ஓட்ட அவளுக்குத் தெரியாது. ஸ்டார்ட் செய்வாள், கடிகாரத்தைப் பார்ப்பாள், அணைப்பாள். பேட்டரி இரண்டு முறை போனது; இரண்டு முறையும் மாற்றினாள்.

ஞாயிறு மாலை அவன் கூப்பிடுவான். "வண்டி போட்டியா?" என்றுதான் ஆரம்பிப்பான். "சாப்பிட்டியா?" என்பது அதற்குப் பிறகு வந்தால் உண்டு.

"உனக்குச் சக்களத்தி அக்கரையில இல்லடி, கொட்டகையிலயே நிக்கிறா" என்பாள் நாத்தனார்.

ஆனால் அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. அந்த ஏழு வருடத்தில் அவன் எடுத்த முடிவு எதுவும் உருப்படவில்லை. முதல் இரண்டு வருடச் சேமிப்பைக் கூட்டாளியை நம்பிக் கொடுத்தான்; கூட்டாளி காணாமல் போனான். நல்ல மேஸ்திரி என்று ஒருவனை நம்பி இடம் மாறினான். அங்கே தூசி இன்னும் அதிகம். வண்டி ஒன்றைத்தான் அவன் பெருமையாகச் சொல்லிக்கொண்டான். கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் சொல்வானாம்: "வாரா வாரம் பத்து நிமிஷம். என் எஞ்சின் புதுசு மாதிரி இருக்கும். நான் யோசிக்காம எதையும் செய்யறதில்ல." இதை அவளிடமும் போனில் பலமுறை சொல்லியிருக்கிறான். சொல்லும்போது அவன் குரலில் ஒரு நிமிர்வு வரும்.

இப்போது ஆலை அவனைத் திருப்பி அனுப்புகிறது. நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் இனிமேல் அந்தத் தூசியில் நிற்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

"மூச்சு கொஞ்சம் வாங்குது, வேற ஒண்ணும் இல்ல" என்றான் போனில். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க இரண்டு இடத்தில் நிறுத்தினான். "மூட்டை தூக்கக் கூடாதாம். ஓட்டலாம்ல? உக்காந்துதானே ஓட்டறோம். வண்டி இருக்கு, அது போதும் நமக்கு. நான் வர்றதுக்குள்ள ஆயிலும் ஃபில்டரும் மாத்தி வச்சிடு. பாத்து வாங்கு. கண்டதையும் ஊத்திடாத."

அதனால்தான் அவள் வேனுக்கு அடியில் படுத்து அளவெடுத்தாள்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் நெற்றிக்கு மேல் ஏற்றிவைத்த கண்ணாடியை மேசை மேல் தேடுகிற ஆள். அவள் ரசீதுத் தாளின் பின்பக்கம் எழுதிக் கொண்டுவந்த அளவுகளைப் படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"வண்டி மாடல் சொல்லிக் கேப்பாங்க, நம்பர் சொல்லிக் கேப்பாங்க. சுத்தளவு எடுத்துக்கிட்டு வந்தது நீங்கதாம்மா."

"தப்பா அண்ணே?"

"தப்பே இல்ல. இந்த மாடலுக்கு இப்ப கம்பெனி ஃபில்டர் வர்றதில்ல. அளவு பாத்துத்தான் போடணும்." உள்ளே போய் இரண்டு டப்பாக்களைக் கொண்டுவந்தார். இரண்டும் ஒரே உயரம், ஒரே மரை. ஒன்றின் வாயைத் திருப்பி, ஓட்டைகளுக்குள் பென்சிலை விட்டு அமுக்கிக் காட்டினார். உள்ளே ஒரு ரப்பர் நாக்கு அமுங்கி எழுந்தது. "நிக்கிற வண்டின்னா இது வேணும். வண்டி நிக்கும்போது ஆயில் மொத்தமும் கீழ இறங்கிடாம இந்த ரப்பர் பிடிச்சு வச்சுக்கும். இல்லேன்னா ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்றப்பவும் மேல இருக்கிற இரும்பெல்லாம் கொஞ்ச நேரம் காஞ்சுபோய் உரசும். அந்த இன்னொண்ணுல இது கிடையாது."

"ரப்பர் இருக்கறதே கொடுங்க."

காற்று ஃபில்டருக்கு அவர் யோசனையே சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் எடுத்துப் போட்ட இரண்டு வட்டங்களையும் கையில் எடுத்து, காகித மடிப்புகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒன்றில் மடிப்புகள் அகலம், ஓரத்தில் பசை வழிந்திருந்தது. மற்றதில் நெருக்கமான மடிப்பு, ஒரே சீராக. பாவாடை மடிப்பு எண்ணிப் பழகிய கை. நெருக்கமானதைத் தனியாக எடுத்து வைத்தாள். கடைக்காரர் சிரித்துவிட்டார். பெட்ரோல் ஃபில்டர் சின்னது, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக். அதில் பேரம் பேச ஒன்றுமில்லை.

ஆயிலில்தான் நேரம் ஆனது.

"மெல்லிசா ஒண்ணு இருக்கு, புது வண்டிக்காரங்க கேக்கறது. குளிர்ந்த எஞ்சின்ல சட்டுனு ஓடிப் பரவும். ஆனா பழைய வண்டியில ரப்பர் எல்லாம் காஞ்சு இறுகியிருக்கும், சந்துல கசிஞ்சிடும். இந்தப் பக்கம் கெட்டி ஆயில். அந்தக் காலத்துல இந்த வண்டிக்கு இதத்தான் ஊத்தினாங்க. கசியாது. ஆனா காலையில ஸ்டார்ட் பண்ணா மேல ஏற நேரம் எடுக்கும்."

"நூல் மாதிரிதான் அண்ணே. ரொம்ப மெல்லிசா இருந்தா அறும், தடியா இருந்தா ஊசியில போகாது. நடுவுல ஒண்ணு இல்லையா?"

"இருக்கு." நடு ஷெல்ஃபிலிருந்து ஒரு கேனை இறக்கினார். "பத்து-நாப்பது நம்பர் ஆயில். உங்களுக்கு இதுதான் சரி. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. ஓடாத வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்குப் பாக்காதீங்க, மாசக் கணக்கு பாருங்க. ஓடினாலும் ஓடாட்டியும் வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடணும். கடைசியா எப்ப மாத்தினது?"

"ஏழு வருஷம் ஆச்சு. வண்டி ஓடவே இல்லையே அண்ணே. வாரா வாரம் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைப்பேன், அவ்வளவுதான்."

கேனைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"பத்து நிமிஷமா? ஓட்டாம, நின்ன இடத்துலயேவா?"

"ஆமா. ஒரு வாரம் விட்டதில்ல."

அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். பொருள்களைப் பையில் அடுக்கினார். "ஊத்தறதுக்கு முன்னாடி பட்டறைக்காரர் யார்கிட்டயாவது ஒரு தடவை காட்டிடுங்கம்மா" என்றார். அவள் அதை ஒரு மரியாதைப் பேச்சாக எடுத்துக்கொண்டு, பையை அணைத்தபடி நடந்து வந்தாள். நாலு பொருளையும் சரியாகத் தேர்ந்தெடுத்த நிறைவு நடையில் இருந்தது.

பட்டறைக்காரரை ஊரில் மூக்கு என்பார்கள். எந்தக் கோளாறையும் மோந்து பார்த்துத்தான் சொல்வார். ஆயில் மாற்ற அவள் கூப்பிட, மறுநாள் கொட்டகைக்கு வந்தார். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்தார். மூடியின் அடியில் மஞ்சளாக, குழைத்த சோப்பு மாதிரி ஒன்று அப்பியிருந்தது. விரலால் வழித்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அளவுக் கம்பியை உருவி அதையும் மோந்தார்.

"அக்கா, இதுல ஆயில் வாசனையே இல்ல. பெட்ரோல் வாசனை அடிக்குது."

"பெட்ரோல் வண்டிதானே?"

"பெட்ரோல் டேங்க்ல இருக்கணும். இது எஞ்சின் வயிறு."

கீழே படுத்து அடிப்பக்கத்துத் திருகாணியைக் கழற்றினார். அலுமினியத் தட்டில் முதலில் விழுந்தது தண்ணீர். கலங்கிய, துருநிறத் தண்ணீர், ஒரு டம்ளர் அளவுக்கு. அதன் பின் கறுப்பாக, மண்ணெண்ணெய் போல நீர்த்து, ஆயில் ஓடி வந்தது. வெயிலில் தட்டைச் சாய்த்தபோது அதற்குள் ஜிகினாத் தூள் மாதிரி ஏதோ மினுங்கியது.

"இது என்ன?"

"எஞ்சின்" என்றார் மூக்கு. "உள்ள இருக்க வேண்டிய இரும்பு, வெளிய வருது."

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணி எப்படி உள்ள போகும்? மழைகூடப் படாதே. கொட்டகை ஒழுகினதே இல்ல."

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். 

"எஞ்சின் ஓடும்போது உள்ள ஈரம் வரும் அக்கா. குளிர்ல வாயால ஊதினா கண்ணாடியில படியுதே, அந்த மாதிரி. அரை மணி, முக்கால் மணி ரோட்டுல ஓடிச்சுன்னா நல்லாச் சூடேறி, அந்த ஈரம் ஆவியாப் போயிடும். பத்து நிமிஷத்துல சூடே ஏறாது. ஈரம் உள்ளேயே தங்கிடும். அதுவும் சோக்க இழுத்து விட்டா, எரியாத பெட்ரோல் வேற ஆயில்ல இறங்கும். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். அதுக்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம்."

"அப்ப நான் போட்டதாலயா?"

அவர் திருகாணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"போடாமலே விட்டிருந்தா?"

"தொடாமலே விட்டிருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காது அக்கா. ஒண்ணு ஓட்டியிருக்கணும், இல்ல சும்மா விட்டிருக்கணும். வருஷம் ஒரு தடவை ஆயிலையாவது மாத்தியிருக்கணும்."

வாசல் படியில் உட்கார்ந்திருந்த நாத்தனார் எழுந்து வந்து தட்டை எட்டிப் பார்த்தாள்.

இருந்தாலும் மூக்கு தன்னால் ஆனதைச் செய்தார். மலிவு ஆயில் ஊற்றி, ஓடவிட்டு, வடித்தார். மறுபடி ஊற்றி வடித்தார். காற்று ஃபில்டர் கூண்டிலிருந்து எலி கொறித்த காகிதத்தை வாரிப் போட்டார். பிறகு அவள் பார்த்துப் பார்த்து வாங்கிய பத்து-நாற்பதை, ஒரு சொட்டுக் கீழே சிந்தாமல் அவளே ஊற்றினாள். ரப்பர் நாக்கு உள்ள ஃபில்டரை அவர் பொருத்தினார். ஸ்டார்ட் செய்தார்கள்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு அடியிலிருந்து, எங்கோ ஆழத்திலிருந்து, டொக்கு டொக்கு என்று ஒரு தட்டல் கேட்டது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் தட்டலும் வேகம் பிடித்தது.

மூக்கு அணைத்துவிட்டார். "அடி பேரிங் போயிடுச்சு. காலி வண்டியா மெதுவா ஓட்டினா கொஞ்ச நாள் ஓடும். பாரம் ஏத்தினா, ஒரு மேடு ஏறினா, எஞ்சின் இறுகி நின்னுடும். பிரிச்சுச் சரி பண்ணலாம்னா இதுக்கு உள் சாமான் எங்கயும் கிடைக்காது. நான் பாத்துட்டேன், ரெண்டு வருஷமா வேற ஒருத்தருக்குத் தேடிக்கிட்டிருக்கேன்."

அன்று இரவு பூராவும், அதற்கடுத்த நாட்களிலும் அவளுக்குள் ஒரே விஷயம்தான் ஓடியது. சோக்கை இழுத்துவிடு என்று சொன்னது அவன். பத்து நிமிடம் என்று சொன்னது அவன். ஆயில் எதற்கு என்றதும் அவன்தான். இதை அவனிடம் எப்படிச் சொல்வது? மூச்சு வாங்குகிற ஒரு மனுஷன், கையில் ஒரு பெட்டியோடு திரும்பி வருகிறான். அவனிடம் மிச்சமிருக்கிற ஒரே ஒரு சரியான காரியத்தையும் நீதான் கெடுத்தாய் என்று எந்த வாயால் சொல்வது?

பட்டறைக்குப் போனாள்.

"அவர் உங்ககிட்ட வந்து கேப்பாரு. ரொம்ப நாளா ஸ்டார்ட் பண்ணாம கிடந்த வண்டின்னு சொல்லிடுங்க."

"அக்கா, அது தப்பாச்சே. நீங்க வாரா வாரம்..."

"நான் சரியாப் போடல. அவ்வளவுதான்."

மூக்கு கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "வண்டி விஷயத்துல நான் பொய் சொன்னதில்ல. கேட்டா எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடறேன். அது பாதி நிஜம்" என்றார்.

கணவன் ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் வந்து இறங்கினான். சட்டை தோளிலிருந்து நழுவுகிற மாதிரி உடம்பு இளைத்திருந்தது. அவள் பார்த்ததும் அளவெடுத்துவிட்டாள். இரண்டு அங்குலம் பிடிக்க வேண்டும். வாசலிலிருந்து உள்ளே வர நடுவில் ஒருமுறை நின்றான். டீயைப் பாதி குடித்தான். "வண்டியப் பாத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்தான்.

அவளும் பின்னால் போனாள். நாத்தனாரும் வந்தாள்.

அவன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். தூசி இல்லாத கண்ணாடியைத் தடவினான். உட்கார்ந்து சாவியைத் திருகினான். இருபது வருடம் வண்டி ஓட்டியவனுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்க மூன்று விநாடிகூட வேண்டியிருக்கவில்லை. அணைத்தான். ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்தபடி கேட்டான்.

"வாரா வாரம் போட்டியா?"

"போட்டேன்... நடுவுல கொஞ்ச நாள் விட்டுட்டேன்."

"கொஞ்ச நாள்னா?"

"மாசக் கணக்குல. துணி நிறைய வந்திடுச்சு. நேரம் கிடைக்கல."

"போன்ல கேக்கறப்பல்லாம் போட்டேன் போட்டேன்னியே."

"சும்மா சொன்னேன்."

நாத்தனார் வாயைத் திறந்தாள். ஏழு வருடம் ஒவ்வொரு ஞாயிறும் அந்தச் சத்தத்தில்தான் அவள் கண் விழித்திருக்கிறாள். தையலக்கா திரும்பி அவளைப் பார்த்தாள். அவ்வளவுதான், பார்த்தாள். நாத்தனார் வாயை மூடிக்கொண்டு, "அடுப்புல பால் இருக்கு" என்று முனகியபடி பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

அவன் கத்தவில்லை. கத்த மூச்சும் இல்லை. "ஒரே ஒரு வேலதான் சொல்லிட்டுப் போனேன்" என்றான். "வேற எதுவும் கேக்கல உன்கிட்ட. ஒரே ஒரு வேல."

ஆனாலும் அவன் வண்டியை எடுத்தான். பட்டறைக்குப் போய் வந்தான். எப்படிக் கெட்டது என்று கேட்டதற்கு மூக்கு தெரியாது என்றே சொல்லியிருந்தார்; பாரம் ஏற்ற வேண்டாம் என்று மட்டும் எச்சரித்திருந்தார். மூன்று நாள் காய்கறிக் கடைகளுக்கு அரைப் பாரம் ஏற்றினான். நான்காம் நாள், மாவு மில்லைத் தாண்டி ஏறுகிற மேட்டில், வண்டி ஒரு முறை உதறி நின்றது. பிறகு அசையவே இல்லை. வழியில் போனவர்கள் ஓரமாகத் தள்ளிக் கொடுத்தார்கள். அவன் வீட்டுக்கு நடந்தே வந்தான். இருபது நிமிட வழிக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்தது. வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கு அவள் தண்ணீர் கொடுத்தாள். அவன் அதை வாங்கிக் கீழே வைத்தான்.

பழைய இரும்புக்காரர்கள் வந்து சங்கிலி மாட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் அவனுக்கு எந்த வேலையும் அமையவில்லை. வாயில்காவலுக்கு ஒரு இடத்தில் கேட்டான். இருமுகிற ஆள் வேண்டாம் என்றார்கள். முன்னறையில், அவள் இயந்திரத்துக்கு எதிரே, நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். துணி கொடுக்க வருகிறவர்களிடம் மெதுவான குரலில் சொல்வான்: "எஞ்சின் புதுசு மாதிரி இருக்க வேண்டியது. ஒரே ஒரு வேலதான் சொல்லிட்டுப் போனேன்." வந்தவர்கள் அவளைப் பார்ப்பார்கள். அவள் குனிந்து தைத்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் கிணற்றடியில் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு நாளைக்குடி இத வாங்கிக் கட்டிக்கப்போற? நான் சொல்லிடறேன் அவன்கிட்ட."

"வேண்டாம் அண்ணி."

"நீ என்ன பெரிய தியாகியா?"

"இல்ல அண்ணி. என்னக் குத்தம் சொல்றதுக்காவது அவர் பேசறாரு. நெசம் தெரிஞ்சா அந்தப் பேச்சும் நின்னு போயிடும்." வாளியைத் தூக்கிக்கொண்டாள். "எனக்கு அத நெனச்சாத்தான் பயமா இருக்கு."

நாத்தனார் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தனக்குத் தெரிந்த வீடுகளிலிருந்து இரண்டு மூன்று துணிக் கட்டுகளை வாங்கிக்கொண்டு வந்து மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் கணக்குப் போட்டது ஒன்று. நடந்தது வேறு. பழியை வாங்கிக்கொண்டால் அவன் கோபப்படுவான், கோபம் ஆறும் என்றுதான் நினைத்தாள். கோபம் ஆறித்தான் போனது. ஆனால் அவள் வார்த்தை மேலிருந்த நம்பிக்கை போய்விட்டது; அது திரும்பவில்லை. கதவைப் பூட்டினேன் என்றால் எழுந்து போய் இழுத்துப் பார்த்தான். மாத்திரை வாங்கி வந்தேன் என்றால் பையைக் கவிழ்த்து எண்ணினான். ஏழு வருடம் போனில் பொய் சொன்னவள் அவள். அவனுடைய கணக்கில் அது நியாயம்தான். அவளால் அதை மறுக்கவும் முடியவில்லை.

மழைக்காலத்தில் அவன் மூச்சு இன்னும் மோசமானது. டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உறையில் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அவன் கட்டிலில் படுத்தான். அவள் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் பாத்திரங்களைக் கழுவினாள்.

"அடுப்ப அணைச்சியா?"

"அணைச்சிட்டேங்க."

அவன் இரண்டு கையையும் ஊன்றிக் கட்டிலை விட்டு எழுந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் நின்று, சமையலறைக்குப் போனான். அவள் வழியை விட்டு ஒதுங்கி, அவன் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற வரைக்கும் ஈரக் கையோடு நின்றாள்.